சங்குக்கு ஒரு மாத்திரை

அத்தியாயம் 14

ஆறு மணிச் சங்கு ஊதி அடங்குவதற்குள் பீம்ராவின் நாக்கின் மேல் மாத்திரை இருந்தது. பூவம்மா அவர் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் விட்டாள். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தாள்.

பூவம்மாவை எதற்கு வேண்டுமானாலும் குறை சொல்லுங்கள். வாய் நீளம் என்று சொல்லுங்கள், மாப்பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்று சொல்லுங்கள். வேளை தவறினாள் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. எர்ணாவூரில் அவர்கள் குடியிருக்கும் சந்துக்கு எதிரிலேயே தொழிற்சாலை மதில். காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அங்கே சங்கு ஊதும். பீம்ராவ் அங்கே ஃபவுண்டரியில் கான்ட்ராக்ட் ஆளாக இரும்புக் குழம்பு ஊற்றியே தலை நரைத்தவர். பூவம்மா அங்கேயே கேன்டீனில் முதல் ஷிஃப்டுக்கு இன்னும் சமைக்கிறவள். அந்த வீட்டில் குழந்தைக்குப் பால் கொடுத்ததும் சங்குக்குத்தான், உலை வைத்ததும் சங்குக்குத்தான். நடுக்குவாதம் வந்து, டாக்டர் மூன்று வேளை மாத்திரை என்று சொன்னபோது பூவம்மாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று வேளை, மூன்று சங்கு. தீர்ந்தது கதை.

ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, கேட் சாத்துவதற்குள் ஓடுவாள். இரண்டு மணிச் சங்கு கேட்டதும் ஏப்ரனை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓடி வருவாள். புயலடித்த நாளில்கூட முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தவள்.

போன வாரம் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கலாம். பூவம்மாவால் முடியவில்லை. இரண்டு மணிக்கு அவள் கதவைத் திறந்தபோது பீம்ராவ் குளியலறை வாசலில் குப்புறக் கிடந்தார். குழாய் திறந்தபடி இருந்தது. தண்ணீர் அவர் காதைத் தொட்டுக்கொண்டு ஓடியது. எப்போது விழுந்தார் என்று கேட்டதற்கு அவரால் பதில் சொல்லக்கூட முடியவில்லை.

மகள் மகிழினி வியாசர்பாடியிலிருந்து வந்து பார்த்தாள். அழவில்லை. மறுநாளே மாதவரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தாள். பொல்லாதவள் இல்லை மகிழினி. ஒற்றை அறை வீட்டில் மாமியார், மாமனார், இரண்டு பிள்ளைகள், அவளுக்கும் புருஷனுக்கும் ஆபீஸ். அவளும்தான் என்ன செய்வாள்?

தாய்க்கும் மகளுக்கும் நேற்று ராத்திரி போனில் ஒரு பேச்சு முடிந்திருந்தது. இன்றைக்கு ஆஸ்பத்திரி நாள். டாக்டர் மருந்தை ஏற்றிக் கொடுத்து, நைனா நடமாடிவிடுவார் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டால் நைனா எர்ணாவூரிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாதவரம்.

ஏற்றித் தருவார்கள் என்று பூவம்மா நம்பினாள். இதுவரை மூன்று தடவை ஏற்றியிருக்கிறார்கள். சின்ன மாத்திரையில் ஆரம்பித்து இப்போது பெரிய மாத்திரை முழுசு. ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் இரண்டு மாசம் மனுஷன் தேறுவார். இன்னும் ஒரு படி ஏற்றினால் போதும்.

ஏழு மணிக்கெல்லாம் வழக்கம்போல பீம்ராவுக்கு ஆட்டம் தொடங்கிவிட்டது. தோள் ஒரு பக்கம் இழுத்தது, கழுத்து ஒரு பக்கம் நெளிந்தது, கால் தரையில் நிற்காமல் அலைந்தது. நடக்கிறார், பேசுகிறார், ஆனால் உடம்பு ஓரிடத்தில் நிற்கவில்லை. பூவம்மா அவருக்குச் சட்டை பொத்தான் போடுவதற்குள் வேர்த்துப் போனாள்.

"இன்னா நைனா, காலங்காத்தால டான்ஸு களை கட்டுது?" என்றபடி ஆட்டோ அசோகன் வாசலில் வந்து நின்றான். வண்டியிலிருந்து மகிழினி இறங்கினாள். கையில் ஒரு காலிப் பெட்டி.

பெட்டியைப் பார்த்ததும் பூவம்மா வாசலுக்கு வந்தாள்.

"டாக்டரு இன்னா சொல்றாங்கன்னு கேட்டுட்டு அப்பால பொட்டி கட்டலாம்ல?"

"ம்மா, திரும்பி எர்ணாவூர் வந்து எடுத்துக்கினு போக முடியுமா? எனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் லீவு."

"அவரு நடந்துட்டாருன்னா?"

"நடந்தா பொட்டிய நானே பிரிச்சு வச்சிட்டுப் போறேன்." மகிழினி கொடியில் கிடந்த லுங்கிகளை மடிக்க ஆரம்பித்தாள். "நீ பேசாம இரும்மா. எனக்கு மட்டும் ஆசையா?"

பீம்ராவ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த நீலச் சட்டைய வை," என்றார். குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது. அவர் சட்டையைப் பற்றிப் பேசியது பூவம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த மனுஷனே போகத் தயாராகிவிட்டாரா?

பெட்டி கட்டி, வாசல் பூட்டிக் கிளம்பும்போது எட்டு தாண்டிவிட்டது. பூவம்மா தனியாக அழைத்துப் போகும் நாளில் எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பாள்.

திருவொற்றியூர் தாண்டவில்லை, கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். முன்னால் என்ன ஆனது என்று எவனுக்கும் தெரியவில்லை. டிரைவர்கள் கீழே இறங்கி, லாரி நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அசோகா, சந்து கிந்து பூந்து போயேன்."

"சந்துலயும் லாரிதான்க்கா நிக்குது. பறந்தா போவ முடியும்?"

ஒன்பதரை மணிக்குப் பீம்ராவின் ஆட்டம் நின்றது. பூவம்மா அதைக் கவனிக்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு அவர் தலை மெல்ல அவள் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. முகம் சுவர் மாதிரி ஆகிவிட்டது. வாயோரம் எச்சில் வழிந்தது.

"நைனா," என்றாள் மகிழினி. "நைனா, என்னப் பாரு."

அவர் பார்க்க முயன்றார். கழுத்து வரவில்லை.

"இப்டித்தான் தெனம் ஆவறாரா?"

"நா வேலைக்குப் போயிடுறேன் மகி. ரெண்டு மணிக்கு வந்து பாக்க சொல்லோ இப்டித்தான் கட்டையா கெடப்பாரு. மாத்திர போட்டா எய்ந்துக்குவாரு."

"அப்ப பத்து மணிலேர்ந்து ரெண்டு மணி வரிக்கும் இப்டியேவா கெடக்குறாரு? தெனமும்?"

பூவம்மா முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு லாரி டயரைப் பார்த்தாள். அந்த முகத்தில் மாதவரம் எழுதி ஒட்டியிருந்தது.

பெரியாஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டு. அசோகன் பீம்ராவை அலாக்காகத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தான், மகிழினி பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். நரம்பு வார்டு சீட்டுக் கொடுக்கும் ஜன்னல் சாத்தியிருந்தது. டாக்டர் ஜெயஸ்ரீ கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.

பூவம்மா குறுக்கே போய் நின்றாள்.

"டாக்டரம்மா, போயிடாதம்மா."

"ஓபி முடிஞ்சுடுச்சும்மா. திங்கட்கிழமை வாங்க."

"திங்கக்கெழம என் வூட்டுக்காரர் என் வூட்ல இருக்கமாட்டாரும்மா." அதற்குமேல் பூவம்மாவால் நிற்க முடியவில்லை. அந்த வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டாள். "மாத்திரய ஏத்திக் குடும்மா. ஒரு மாத்திர. ஒண்ணே ஒண்ணு கூட்டி எய்திக் குடுத்துடு. உன் கொயந்தைங்க நல்லா இருக்கும்."

"ஐயோ, எழுந்திருங்கம்மா முதல்ல." டாக்டர் அவளைத் தூக்கிவிட்டுச் சக்கர நாற்காலியைப் பார்த்தார். பிறகு அவர்களை உள்ளே அழைத்துப் போய்க் கைப்பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இவர் பீம்ராவ்தானே? போன தடவை உட்கார முடியாம நெளிஞ்சுட்டு இருந்தாரே, அவரா இவர்?"

"அவருதாம்மா."

"எப்பலேருந்து இப்படி இருக்கார்?"

"பத்து மணிலேர்ந்து," என்றாள் மகிழினி.

டாக்டர் பீம்ராவின் முழங்கையை மடக்கிப் பார்த்தார். துருப்பிடித்த கீல் மாதிரி விட்டு விட்டு மடங்கியது.

"மாத்திரை நேரத்துக்குக் குடுக்கறீங்களா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் பூவம்மா எந்த ஆஸ்பத்திரியிலும் தலை குனிந்ததில்லை. "டாண்ணு குடுத்துடுவேம்மா. சங்கு ஊதினா மாத்திர வாயில இருக்கும்."

"என்ன சங்கு?"

சொன்னாள். ஆறு, இரண்டு, பத்து. புயல் நாளையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"நடுவுல எதுவும் குடுக்கறது இல்லையா? காலை ஆறு மணிக்கு ஒண்ணு, அப்புறம் மதியம் ரெண்டு மணிக்குத்தானா?"

"மூணு வேளன்னுதானம்மா எய்திக் குடுத்தீங்க?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "அம்மா, இந்த மருந்து ஆரம்பத்துல ரொம்ப நேரம் தாங்கும். நோய் முத்த முத்த அந்த நேரம் குறையும். இவருக்கு இப்ப மூணு மணி நேரம்தான் தாங்குது போல. ஆறு மணிக்குப் போட்டது ஒன்பதரைக்கெல்லாம் தீர்ந்துடுது. அதுக்கப்புறம் ரெண்டு மணி வரைக்கும் உடம்புல மருந்தே இல்ல."

"அதான் ஏத்திக் குடுங்கன்னு..."

"ஏத்தினதுதான் தப்பாப் போச்சு. காலைல நெளியறார் பாருங்க, அது நோய் இல்ல. அதிகமான மருந்து பண்ற வேலை. நீங்க கேன்டீன்ல சமைக்கறீங்க. ஒரு ஆளுக்குக் காலைல ஒரே மூச்சுல பத்து இட்லி திணிச்சுட்டு, மதியம் வரைக்கும் பச்சைத் தண்ணி குடுக்கலன்னா என்ன ஆகும்? வாந்தியும் எடுப்பான், பட்டினியும் கிடப்பான். அதே கதைதான். ராத்திரி பத்து மணி மாத்திரை பாதிக்கு மேல தூக்கத்துலயே போயிடுது."

"அப்ப..."

"பெருசு வேண்டாம். சின்னதாப் பிரிச்சு, கிட்டக் கிட்டக் குடுக்கணும். மொத்த மருந்து இப்ப குடுக்கறதைவிடக் குறைச்சல்தான் வரும்." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "உங்க மேல மட்டும் தப்பு இல்லம்மா. நீங்க எப்பவும் காலைல எட்டு மணிக்கே வந்துடுவீங்க. மருந்து உச்சத்துல இருக்கறப்பதான் நாங்க பார்த்திருக்கோம். எத்தனை மணிக்குக் குடுக்கறீங்கன்னு நாங்களும் கேட்டிருக்கணும்."

பூவம்மாவின் காதில் அது ஏறவில்லை. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. தினமும். கேன்டீனில் அவள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், மனுஷன் கண்ணைத் திறந்துகொண்டு கட்டையாகக் கிடந்திருக்கிறார். யார் செய்தது? நான் செய்தது. சங்கு ஊதியதும் ஓடி ஓடி வந்து நானே செய்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் கிளம்பி வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

டாக்டர் பெரிய மாத்திரையைப் பாதியாக உடைத்து, தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். "இன்னிக்கு இவ்வளவு போதும். பொறுமையா விடுங்க. அரை மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம். வெறும் வயித்துலதான் சீக்கிரம் ஏறும்."

"பாதிதானாம்மா?" என்றாள் பூவம்மா. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று அவள் மனம் சொன்னது.

தாய், மகள், அசோகன் மூன்று பேரும் வராந்தா பெஞ்சில் காத்திருந்தார்கள். மகிழினி தாயின் பக்கத்தில் உட்காரவில்லை, ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். திட்டவாவது திட்டியிருக்கலாம்.

முதலில் இமை அசைந்தது. பிறகு செருப்புக்குள் கட்டைவிரல். பிறகு கை, தானாக, தொடையிலிருந்து எழுந்து வாயோரத்தைத் துடைத்துக்கொண்டது.

"பூவு," என்றார் பீம்ராவ். "டீ கெடைக்குமா?"

"டீ இல்லய்யா. இன்னும் கொஞ்ச நேரம் ஆவணுமாம்."

"அப்ப சரி." நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். மகிழினி பாய்ந்து வந்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. உடம்பு நெளியவில்லை, தோள் இழுக்கவில்லை. வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் போய், திரும்பி, நடந்து வந்தார். பட்டப்பகலில் புருஷன் இப்படி நடந்து பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று. பூவம்மா அழுதாள், சிரித்தாள், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அசோகன் தோளில் ஓர் அடி போட்டாள்.

"நடக்குறார்டீ மகி. பொட்டியப் பிரி. வாயால சொன்னல்ல?"

மகிழினி கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கதையில் அவள் அழுது நாம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "பிரிக்கிறேம்மா," என்றாள்.

அப்போதுதான் டாக்டர் சீட்டோடு வெளியே வந்தார்.

"காலை ஆறுலேருந்து மூணு மணி நேரத்துக்கு ஒரு சின்ன மாத்திரை, இப்ப குடுத்த பாதியைவிடச் சின்னது. ஆறு, ஒன்பது, பன்னெண்டு, மூணு, ஆறு, ராத்திரி ஒன்பது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. இன்னும் ஒண்ணு கவனமாக் கேளுங்க. மருந்தை மாத்தற முதல் ஒரு மாசம் கூடவே ஆள் இருக்கணும். எழுந்து நிக்கறப்ப பிரஷர் இறங்கித் தலை சுத்தும், விழுந்துடுவார். போட்டதை மறந்து ரெண்டாந்தரமும் போட்டுக்குவார். தனியா விடவே கூடாது."

சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். சீட்டு மகிழினி கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ம்மா. ஒம்போது மணிக்கும் பன்னெண்டு மணிக்கும் யாரு குடுப்பா?"

பூவம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பக்கத்து வூட்டு ஜெமிமாகிட்ட சொல்றேன்."

"அவங்க எட்டு மணிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போயிடுறாங்கம்மா."

"சூப்பர்வைசர் கால்ல வுயுந்து, ஒரு ஓட்டமா ஓடியாந்து குடுத்துட்டுப் போறேன்."

"நடு ஷிஃப்டுல கேட்டத் தொறப்பாங்களா? ஒரு தபா தொறப்பாங்க. தெனமும்?"

"வேலய வுட்டுடுறேன்."

"வுட்டுட்டு ரெண்டு பேரும் இன்னாத்த துன்னுவீங்க? நைனா கான்ட்ராக்ட்டு ஆளு, பென்ஷனா வருது? இருக்கறதே நீ வாங்குற சம்பளம்தான். என்னால எவ்ளோ குடுக்க முடியும்னு உனக்குத் தெரியாதா?" மகிழினி சீட்டைத் தாயிடம் நீட்டினாள். "அந்த எடத்துல நர்ஸு கீறாங்கம்மா. மணிக்கு மணி குடுப்பாங்க."

"அதெல்லாம் நா பாத்துக்கறேன். பொட்டியப் பிரி."

"ம்மா..."

"பிரின்னு சொல்றேன்ல."

இருவரும் சத்தம் போட்டுப் பேசியதில் பீம்ராவை யாரும் பார்க்கவில்லை. அவர் வராந்தா படியில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து, நிதானமாக. அசோகன் ஓடினான். அவனையும் தள்ளி நிற்கச் சொன்னார். வேப்பமரத்தடியில் நின்ற ஆட்டோவுக்குத் தானே நடந்து போய், தானே குனிந்து, தானே ஏறி உட்கார்ந்தார்.

பூவம்மா பின்னாலேயே ஓடினாள். "இன்னாய்யா பண்ற? டீ குடிச்சிட்டுப் போவலாம், எறங்கு."

"பூவு." அவள் ஆட்டோவுக்குள் தலையை நீட்டினால்தான் அந்தக் குரல் கேட்டது. "கால் நல்லா கீறப்பவே போயிடுறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல திரும்பக் கட்டயாயிடுவேன். அப்பால என்னத் தூக்கிக்கினு போவீங்க. அது வோணாம். நா நடந்து போனதா இருக்கட்டும்."

"நா உன்ன அனுப்பமாட்டேன்."

"நீ அனுப்பல. நா போறேன்." அவர் அவள் கையைப் பிடித்தார். விரல்கள் நடுங்கவே இல்லை. "அசோகா, மாதவரம் போ."

காலையிலிருந்து பூவம்மா அந்தக் கால்கள் நடக்க வேண்டும் என்றுதான் கெஞ்சினாள். ஊரார் பார்க்கக் காலில் விழுந்தாள். இப்போது அதே கால்கள் மறுபடி மரத்துப் போகக்கூடாதா என்று மனசார ஆசைப்பட்டாள். அப்படி ஆசைப்பட்டதை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது.

மகிழினி பெட்டியோடு வந்து நின்றாள், ஏறவில்லை. அசோகன் சாவியைத் திருகாமல் பூவம்மாவைப் பார்த்தான்.

"யக்கா, இன்னா பண்றது?"

பூவம்மா புருஷனின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். நேராகப் போய் ஆட்டோவின் முன்சக்கரத்துக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.